சம்மந்திக்கு இங்கிலீஷ்ல என்னங்க?

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்குப் பஸ்ஸுக் காத்து ஆகாது, காது அடைச்சுக்கும்.

நீங்க போன்ல பேசினது கேட்டுதுங்க. நான் ஒட்டுக் கேக்கலை, நீங்கதான் கொஞ்சம் சத்தமாப் பேசினீங்க. பையன் லண்டனுக்குக் கூப்படறானாட்ட இருக்குது? சம்மந்தியம்மாளும் நீங்களும் ஒண்ணா வாங்கன்னு சொல்றானாக்கும்? போகாதீங்க. லண்டனுக்குப் போங்க, நான் வேண்டாங்கலை. சம்மந்தியோட போகாதீங்க. போயிட்டு வந்தவ சொல்றேன், கேட்டுக்கங்க.

என்ற பேரு ராஜாமணிங்க. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. ஒரே மக, கிருத்திகா. கோபியில குடுத்திருக்குது. மாப்பிள்ளை நவநீதன் தங்கமான புள்ளை, அவரைப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டேன். ரெண்டு பேத்துக்கும் பர்மிங்காம்ல வேலை. மாப்பிள்ளையோட அம்மா இருக்காங்களே, சகுந்தலாமணி, அவிங்கதான் என்ற சம்மந்தி. தமிழ் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. ஆளு ஒல்லி, சாக்பீஸு எந்திரிச்சு நடந்தாப்புல இருக்கும். அவிங்க வந்தா கோபியில நாயெல்லாம் கூட ஓரமாப் போகுமுங்க.

அந்தம்மா கல்யாணத்துல என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? பந்தி நடக்குது. மண்டபம் நெறைய ஒரம்பரைச் சனம். நான் நிக்கறேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "சம்மந்திக்கு ரெண்டு சேர் போடுங்க"ன்னாங்க. ரெண்டு சேர்! எனக்கு! எங்கூட்டுக்காரர் பக்கத்துல நின்னாருன்னு வைங்க. அவருக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணுன்னுதான் சொன்னாங்கன்னு என்ற மக இன்னைக்கு வரைக்கும் சாதிக்கறா. மாமியார் பக்கம் பேசாம அவ வேற என்ன பேசுவா? என்ற உடம்பைப் பத்தி யாரு எப்ப என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? அன்னைக்கிருந்து ரெண்டு வருசமா நான் அந்தம்மாகிட்ட நேராப் பேசலைங்க. ஏதாச்சும் சொல்றதுன்னா மககிட்டச் சொல்லுவேன். அவிங்க பையன்கிட்டச் சொல்லுவாங்க. அப்படியே ஓடிட்டு இருந்துது, ஒரு சண்டை இல்லை.

அப்படி இருக்கறவங்க ரெண்டு பேத்துக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டுல ப்ளேன் டிக்கெட் போட்டாங்க பாருங்க இந்தப் புள்ளைக! எங்கூட்டுக்காரர் தோப்பை விட்டுட்டு வர முடியாதுன்னுட்டாரு. கோயமுத்தூர்ல ஏறினதுலருந்து அந்தம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவுல கை வைக்கற கட்டை ஒண்ணு இருக்குதுங்களே, அதுக்குத்தான் போட்டி. வாய் பேசலை, முழங்கைதான் பேசுச்சு. சாப்பாடு குடுக்கற புள்ளை வந்து ஏதோ கேட்டா. அந்தம்மா இங்கிலீஷ்ல ரெண்டு பேத்துக்கும் சேர்த்துப் பதில் சொன்னாங்க. எனக்கு என்ன வேணும்னு என்னைக் கேக்காம! வந்தது எனக்குப் பிடிச்ச சாப்பாடுதான், அது வேற விசயம்.

பர்மிங்காம்ல ஒரு வாரம் கம்முனு போச்சுங்க. அப்புறம் மக சொன்னா, "அம்மா, சனி ஞாயிறு ஒரு கிராமத்துக்குப் போலாம். பழைய கோட்டை இருக்குது, பழைய சர்ச்சு இருக்குது. உங்களுக்குப் பிடிக்கும்"ன்னு. கிராமத்துலருந்து வந்தவளை எதுக்கு இத்தனை தூரம் கூட்டிட்டு வந்து கிராமத்தைக் காட்டறான்னு நினைச்சேன்.

ஊரு பேரு லிட்டில் ஆஷ்கம். பக்கத்துலயே கிரேட் ஆஷ்கம்னு ஒண்ணு இருக்குது. நம்ம பக்கம் சின்ன ஊரு, பெரிய ஊருன்னு இருக்கும் பாருங்க, அதாட்ட. சின்ன ஆஷ்கம்ல மொத்தமே ஒரு நாப்பது ஊடு இருக்கும். எல்லாம் தேன் நெறத்துக் கல்லு. வாசலுக்கு வாசல் ரோசாச் செடி. தெருவுல ஒரு ஈ காக்கா இல்லைங்க. பூவு மட்டும் பூத்துக் கெடக்குது. யாரு பறிப்பா? யாரும் பறிக்க மாட்டேங்கறாங்க.

எங்களுக்கு வாடகைக்குப் புடிச்சிருந்த ஊட்டுல ரெண்டே ரூம்பு. ஒண்ணு புள்ளைகளுக்கு. இன்னொண்ணுல ஒரே கட்டில்! எனக்கும் அந்தம்மாளுக்கும் சேர்த்து ஒரே கட்டிலுங்க. "தப்பா புக் பண்ணிட்டேம்மா"ங்கறா கிருத்தி. கம்ப்யூட்டர்லயே வேலை செய்யறவளுக்கு ஒரு ஊடு ஒழுங்கா புக் பண்ணத் தெரியலை பாருங்க. அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றா. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு, பாவம், வருத்தம் போல. அந்தம்மா கட்டிலுக்கு நடுவுல ஒரு தலகாணி வெச்சாங்க. நான் அதுக்கு மேல இன்னொண்ணு வெச்சேன்.

காலையில கோட்டைக்குப் போனோம். கோட்டைன்னா சங்ககிரிக் கோட்டையாட்டம் நினைச்சுட்டுப் போனேன். நாலு செவுரு நிக்குதுங்க. அண்ணாந்து பார்த்தா மானந்தான் தெரியுது. எந்தக் காலத்துலயோ ஒரு பிரபு கட்டினாராம், அப்புறம் ஒரு சண்டையில இடிச்சுப் போட்டாங்களாம். இடிஞ்சதை இடிஞ்சபடி வெச்சுட்டு, கீழ புல்லை மட்டும் சவரம் பண்ணுனாப்புல வெட்டி வெச்சிருக்காங்க. "ஏன் மாப்பிள்ளை, ஒரு கூரை போட்டா என்னங்க?"ன்னு கேட்டேன். "பழமை அத்தை, அப்படியே வெச்சிருக்கறதுதான் அழகு"ன்னாரு. எங்க மாட்டுக் கொட்டாய்ல ஓடு ஒடைஞ்சதுக்கு எங்கூட்டுக்காரரும் இதையேதான் சொல்லிட்டு இருக்காரு.

கோபுரம் ஒண்ணு மட்டும் முழுசா நிக்குது. உள்ள சுத்திச் சுத்திப் போற குறுகலான படி. அந்தம்மா வெடுக்கு வெடுக்குன்னு ஏறிட்டாங்க. நான் பாதியிலயே உக்காந்துட்டேன். மேல நின்னுக்கிட்டு, "கிருத்தி, உங்கம்மாகிட்டச் சொல்லு, மேல காத்து நல்லா வருதுன்னு"ங்கறாங்க. இது குத்திக் காட்டறதுதானுங்களே? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் சர்ச்சு. உள்ள ஒரு பிரபுவைக் கல்லுல செஞ்சு படுக்க வெச்சிருக்காங்க. கவசமெல்லாம் போட்டுக்கிட்டு, கை கூப்பிக்கிட்டு, காலுக்குக் கீழ ஒரு நாயி. ரெண்டு பக்கமும் ரெண்டு பொண்டாட்டி, அவிங்களும் கல்லு. மொத பொண்டாட்டி செத்ததுக்கு அப்புறம் ரெண்டாவதைக் கட்டினாராம். ரெண்டு பேரும் உசுரோட ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லையாம். இப்ப எத்தனையோ நூறு வருசமா ஒரே மேடையில மானத்தைப் பார்த்துக் கெடக்காங்க. எனக்கு முந்தின நாளு ராத்திரி நாங்க படுத்திருந்தது ஞாபகம் வந்து சிரிப்புப் பொத்துக்கிச்சு. பார்த்தா அந்தம்மா வாயிலயும் முந்தானை இருக்குது. தும்மலா இருக்கும்னு நினைச்சேன்.

மத்தியானம் புள்ளைக, "சமைக்கச் சாமான் வாங்கிட்டு வந்தர்றோம், நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருங்க"ன்னு சொல்லிட்டு டவுனுக்குப் போயிட்டாங்க. பேசறதாம்! சாவியை அந்தம்மா கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் ஒரு சோபா, அவிங்க ஒரு சோபா. சுவத்துல ஒரு கடிகாரம், அது மட்டும் பேசுது. அப்பப் பார்த்து வெளிய பேண்டு வாத்தியம் கேக்குது. கூட்டம் சத்தம் போடறது கேக்குது. அந்தம்மா எந்திரிச்சு ஷூவை மாட்டினாங்க. ஜன்னலைப் பார்த்துச் சொல்றாங்க, "ஊர்ல ஏதோ திருவிழா போல. நான் பார்க்கப் போறேன். ஊட்டை வெளிய பூட்டறதா, ஆளை உள்ள வெச்சுப் பூட்டறதா, தெரியலை."

நானும் ஜன்னலைப் பார்த்தே சொன்னேன், "ஆளும் வருது."

ஊருக்கு நடுவுல பெரிய புல்லு மைதானம். அங்கதான் திருவிழா. தெருவுல ஒருத்தரைக் காணோம்னு சொன்னேனுங்களே, எல்லாம் இங்கதான் இருக்காங்க. நாய்களுக்கு ஒரு போட்டிங்க. அழகான நாய்க்கு ஒரு பரிசு, வாலை நல்லா ஆட்டின நாய்க்குத் தனியா ஒரு பரிசு! ஒரு கொட்டாய்க்குள்ள காய்கறிப் போட்டி. சொரக்காயாட்ட ஒண்ணு, வெள்ளைத் துணி விரிச்சுக் கைக்குழந்தையாட்டப் படுக்க வெச்சிருக்காங்க. அதைச் சுத்தி நாலு பேரு பேச்சு மூச்சில்லாம நிக்கறாங்க. ஒரு கிழவர் கண்ணுல தண்ணி. அவர் வெளையவெச்சதாம், மொத பரிசாம். நாங்க ரெண்டு பேரும் சேலை கட்டிக்கிட்டு, காலுல மக வாங்கிக் குடுத்த ஷூ போட்டுக்கிட்டுப் போறோம். எல்லாரும் சிரிச்ச மூஞ்சியா 'ஹலோ'ங்கறாங்க. அந்தம்மா ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினராட்டத் தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு வர்றாங்க.

மைதானத்து ஓரத்துல ஒரு ஓடை. முழங்கால் அளவு தண்ணி ஓடுது. அங்க கூட்டம் அள்ளுது. என்னன்னு பார்த்தா, கயிறு இழுக்கற போட்டிங்க. ஓடைக்கு இந்தப் பக்கம் சின்ன ஆஷ்கம் பொம்பளைங்க, அந்தப் பக்கம் பெரிய ஆஷ்கம் பொம்பளைங்க. தோத்தவங்க ஓடையில உழுகோணும். வருசா வருசம் பெரிய ஊர்தான் ஜெயிக்குமாம். அவிங்க அத்தனை பேரும் ஒரே செவப்பு பனியன். ஒவ்வொருத்தி கையும் என்ற தொடை தண்டி. இந்தப் பக்கம் பார்த்தா ஆறே பேரு, எட்டுப் பேரு வேணும். ஒருத்திக்கு முட்டி வலி, இன்னொருத்தி அக்கா ஊட்டுக்குப் போயிட்டாளாம்.

பிலிப்பான்னு ஒருத்தி. அந்த ஊர்ல போஸ்ட் ஆபீசும் மளிகைக் கடையும் ஒண்ணா நடத்தறவ. ஓங்குதாங்கான ஆளு, தலையில பச்சைத் தொப்பி. அவதான் இந்தப் பக்கத்துக்குத் தலைவி. கூட்டத்தைத் துழாவிக்கிட்டே வந்தவ என்ற முன்னால வந்து நின்னா. மேலருந்து கீழ ஒருக்காப் பார்த்தா. எங்க தோப்புக்கு ஏவாரி வந்தா மரத்தை இப்படித்தான் பார்ப்பான். அப்புறம் அந்தம்மாகிட்ட மடமடன்னு ஏதோ பேசினா.

அந்தம்மா திரும்பினாங்க. ரெண்டு வருசத்துல மொதத் தடவையா என்ற மூஞ்சியைப் பார்த்து நேராப் பேசினாங்க. "சம்மந்தி, கயிறு இழுக்க ஆள் வேணுமாமா. உங்களைக் கேக்கறாங்க."

"என்னையா? அத்தனை பேரு இருக்கறப்ப என்னை எதுக்குங்க?"

"கடைசியில நிக்கறதுக்குக் கனமான ஆளு வேணுமாமா."

பாருங்க! அவ சொன்னாளோ, இவிங்க சேர்த்துக்கிட்டாங்களோ, எனக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சுர்ருன்னு ஏறிப்போச்சு. சரி, வரட்டும்னு, "நான் வரேன். ஆனா நீங்களும் வரோணும். இல்லீன்னா நான் வரலை"ன்னுட்டேன். மாட்டேன்னு ஓடிருவாங்கன்னுதான் சொன்னேன். அந்தம்மா ஒரு நிமிசம் அந்தச் செவப்பு பனியன்காரிகளைப் பார்த்தாங்க. அதுல ஒருத்தி எங்க சேலையைக் காட்டி இன்னொருத்தி காதுல என்னமோ சொல்லிச் சிரிச்சா. அவ்வளவுதான். முந்தானையை இழுத்து இடுப்புல சொருகினாங்க. கண்ணாடியைக் கழட்டி ஒரு குழந்தை கையில குடுத்தாங்க. "வாங்க சம்மந்தி"ன்னாங்க.

எடை கம்மியா இருக்கறவங்க முன்னாலன்னு சொல்லி அந்தம்மாளை மொத ஆளா ஓடையோரத்துல நிறுத்திட்டாங்க. நான் கடைசி. கயித்து நுனியை என்ற இடுப்பைச் சுத்தித் தோள் மேல போட்டு விட்டா பிலிப்பா. சர்ச்சுப் பாதிரியார்தான் நடுவர். விசிலை ஊதினாரு.

என்ன நடந்துதுன்னே தெரியலைங்க. விசில் சத்தம் அடங்கறதுக்குள்ள நாங்க எல்லாம் சரசரன்னு போறோம். முன்னால 'தொபுக்'குனு ஒரு சத்தம். எட்டிப் பார்த்தா சகுந்தலாமணி டீச்சர் ஓடையில உக்காந்திருக்காங்க! இடுப்பு வரைக்கும் தண்ணி. தலையில ஒரு பாசி. ஒரு வாத்து பக்கத்துல வந்து பார்த்துட்டுப் போகுது.

நான் சிரிச்சேனுங்க. சிரிக்கக் கூடாதுதான், சம்மந்தியாச்சே. ஆனா எங்கிருந்து வந்துதுன்னே தெரியலை, கயித்தோடயே ஓடையோரத்துக்கு வந்து உக்காந்து வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறேன். கண்ணுலருந்து தண்ணியா ஊத்துது. அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. சரி, இன்னையோட மக வாழ்க்கை போச்சுன்னு நினைச்சேன். அவிங்க ரெண்டு கையிலயும் தண்ணியை அள்ளி என்ற மூஞ்சியிலயே அடிச்சாங்க. அடிச்சுட்டு அவிங்களும் சிரிக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, அப்பா! அந்த உடம்புக்குள்ள அப்படி ஒரு சிரிப்பு எங்க இருந்துதோ. அம்மிக்கல்லு உருண்டாப்புல ஒரு சிரிப்பு.

மூணு தடவை இழுக்கோணுமாம், ரெண்டு ஜெயிச்சவங்க ஜெயிச்ச மாதிரி. நடுவுல எல்லாரும் குளுரு போகறதுக்கு பிலிப்பா ஒரு பெரிய ஜாடியில ஜூஸ் கொண்டாந்து ஊத்தினா. நல்லா தங்க நெறம். அந்தம்மா கேட்டுட்டு, "ஆப்பிள் ஜூஸ்தானாமா, தைரியமாக் குடிங்க"ன்னாங்க. ஆப்பிள் வாசமும் நல்லா அடிச்சுதுங்க. என்ன, கொஞ்சம் புளிச்சுப் போயிருந்துது. அந்த ஊர்ல ஃப்ரிட்ஜு சரியில்லை போல. நல்லாத்தான் இருந்துது, ஆளுக்கு ரெண்டு டம்ளர் குடிச்சோம். உடம்பு கதகதன்னு ஆயிருச்சு. வெயிலும் அப்பத்தான் நல்லா அடிக்க ஆரம்பிச்சுது.

அப்புறம் அந்தம்மா அந்த ஏழு பேரையும் வரிசையா நிக்க வெச்சாங்க. ஆமாங்க, பிலிப்பாவையும் சேர்த்து. டீச்சர் குரல் வந்துருச்சு. "ஆளுக்கு ஒரு நேரத்துல இழுத்தா எப்படி? எல்லாரும் ஒண்ணா இழுக்கோணும். நான் ஒண்ணு, ரெண்டும்பேன். அப்புறம் இழும்பேன். நீங்களும் சொல்லிக்கிட்டே இழுக்கோணும். எங்க, சொல்லுங்க: இழு!" இதைப் பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், பாதி கையில சொல்றாங்க.

அந்தப் பொம்பளைங்க, "இழு!"ங்கறாங்க.

அந்தம்மா அப்படியே நின்னுட்டாங்க. "சம்மந்தி, கேட்டீங்களா? 'ழ' வருது! இவிங்களுக்கு 'ழ' வருது!" கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு அவிங்களுக்கு. "என்ற வகுப்புல ஒரு புள்ளைக்கு வந்ததில்லை. இலு, இலும்பானுக. இங்க பாருங்க, அஞ்சாயிரம் மைல் தாண்டி வந்து கேக்கறேன்." அப்புறம் ஒவ்வொருத்தியா நிறுத்தி, "மழை", "பழம்", "தமிழ்"னு சொல்லச் சொல்லிக் கேக்கறாங்க. பாதிரியார் விசிலைக் கையில வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு நிக்கறாரு. நான்தான், "சம்மந்தி, பாடம் அப்புறம் நடத்தலாம், கயித்தைப் புடிங்க"ன்னேன்.

ரெண்டாவது இழுப்பு. "ஒண்ணு! ரெண்டு! இழூ!" எட்டுக் குரலும் ஒரே குரல். கூட்டமும் புடிச்சுக்கிச்சு. சின்ன ஆஷ்கம் மொத்தமும், வெள்ளைக்காரக் கிழவர் கிழவியெல்லாம், அந்தச் சொரக்காய்த் தாத்தா கூட, "இழு! இழு!"ன்னு கத்தறாங்க. நான் குதிங்காலை மண்ணுல ஊனி, பின்னால சாஞ்சேன். என்ற உடம்பு எனக்கு எப்பவுமே இடைஞ்சலுங்க. பஸ்ஸுல இடைஞ்சல், கல்யாண வீட்டுல இடைஞ்சல். அன்னைக்கு அந்தக் கயித்துல சாஞ்சேன் பாருங்க, அந்தப் பக்கம் எட்டுப் பேரும் அதிர்ந்தது என்ற முதுகுல தெரிஞ்சுது. ஒவ்வொரு இழுவுக்கும் ஒரு சாண். ஒரு சாண், ஒரு சாண். அப்புறம் 'தொபுக் தொபுக்'குனு செவப்பு பனியன் ரெண்டு மூணு தண்ணிக்குள்ள.

மூணாவதுதான் கஷ்டம். கயிறு அசையவே மாட்டேங்குது. இழு, இழு, இழு. ஒருத்தரும் நகரலை. அவிங்க மூஞ்சி பனியனை விடச் செவந்து போச்சு. என்ற ஷூவுக்குக் கீழ மண்ணு சேறா ஆயிருச்சு. குதிங்கால் வழுக்குது. போச்சுன்னு நினைச்சேன். அப்ப முன்னாலருந்து ஒரு குரலு. "ராஜாமணீ! உக்காருங்க!"

சம்மந்தின்னு கூப்பிடலைங்க, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பேரைச் சொல்லி என்னை யாரு கூப்படறா? எங்கம்மா கூப்பிட்டது. நான் எதுவும் யோசிக்கலை. உக்காந்துட்டேன். பொத்துன்னு. பூமி அதிர்ந்திருக்கும். எங்காளுக அத்தனை பேரும் பின்னால சாஞ்சு ஒண்ணு மேல ஒண்ணா என்ற மேல உழுந்தாங்க. பெரிய ஆஷ்கம் மொத்தமும், எட்டும், ஓடைக்குள்ள!

அப்பக் கேட்ட சத்தம் இருக்குதே! நாயெல்லாம் குலைக்குது. பேண்டுக்காரங்க தப்புத் தப்பா ஊதறாங்க. ஆனா பெரிய ஆஷ்கம் தலைவி, தண்ணி சொட்டச் சொட்ட வந்து பாதிரியார்கிட்ட நியாயம் கேக்கறா. உக்காந்து இழுக்கறது செல்லாதாமா. விதி இருக்குதாமா. பாதிரியார் தலையைச் சொறியறாரு. எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை, சேத்துல உக்காந்தே கெடக்கறேன்.

அந்தம்மா முன்னால போயி நின்னாங்க. முப்பத்தஞ்சு வருசம் புள்ளைகளுக்குப் பொய் சொல்லாதேன்னு சொல்லிக் குடுத்தவங்க. நெஞ்சை நிமுத்திக்கிட்டு, "நோ சிட்டிங்! ஷி ஸ்லிப்!"னாங்க. அப்புறம் பாதிரியாரையே முறைச்சுப் பார்த்தாங்க. நீங்க அந்த முறைப்பைப் பார்த்திருக்கோணும். அந்தாளு கைக்குட்டையை எடுத்து நெத்தியைத் துடைச்சுக்கிட்டு எங்க பக்கம் கையைத் தூக்கிட்டாரு.

எனக்காகப் பொய் சொன்னாங்க பாருங்க. அதை நினைச்சா... சரி, விடுங்க.

அப்புறம் இன்னும் கொஞ்சம் ஜூஸு. அப்புறம் பிலிப்பா எங்களைக் கட்டிப் புடிச்சுத் தூக்கப் பார்த்தா. அந்தம்மாளைத் தூக்கிட்டா, என்னை முடியலை. அப்புறம் நான்தான் கும்மி அடிக்கலாமான்னு கேட்டேன். எனக்கே தெரியலை ஏன் கேட்டேன்னு. கல்யாணத்துக்கு முந்தி மாரியம்மன் நோம்பில அடிச்சது. அந்தம்மா, "எனக்கு வராதே"ன்னாங்க. "ஒண்ணுமில்லை, குனிஞ்சு ஒரு தட்டு, நிமுந்து ஒரு தட்டு"ன்னேன். பத்து நிமிசத்துல மைதானத்துல பெரிய வட்டம். செவப்பு பனியன்காரிகளும் சேர்ந்துக்கிட்டாங்க. பாதிரியாரும் தட்டறாரு, தாளம் தப்பித் தப்பி.

அந்த நேரத்துல புள்ளைக வந்து நிக்கறாங்க, கையில கத்தரிக்காய்ப் பையோட. கிருத்தி வாயைத் தொறந்தவ மூடவே இல்லை. மாப்பிள்ளை என்ற டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாரு. "அத்தை, இது என்னன்னு தெரியுங்களா?"

"ஆப்பிள் ஜூஸு மாப்பிள்ளை. உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

அவரு அவங்கம்மாளைப் பார்த்தாரு. அந்தம்மா, "நவநீ, ஏன் இப்படி ஆடறே? நேரா நில்லு"ன்னாங்க. அவரு நேராத்தானுங்க நின்னுட்டு இருந்தாரு. என்னமோ புள்ளைக ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிச்சு. அப்புறம் சிரிச்ச சிரிப்பு இருக்குதே, காருல சாஞ்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எதுக்குன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறாங்க.

ஊட்டுக்கு நடந்தே வந்தோம், நானும் அந்தம்மாளும். சாயங்கால வெயிலு. ஷூவுக்குள்ள தண்ணி 'சளக் சளக்'குனு. பாதி வழியில ஒரு கல்லு மதில் மேல உக்காந்து ஷூவைக் கழட்டித் தண்ணியைக் கவுத்தாங்க. கவுத்துட்டே சொல்றாங்க, "நவநீ கைக்குழந்தையா இருக்கறப்ப அவங்கப்பா போயிட்டாரு. அப்பருந்து நான் டீச்சருதான். எங்க போனாலும் எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. என்னைப் பார்த்து இத்தனை வருசத்துல ஒருத்தரும் சிரிச்சதில்லைங்க சம்மந்தி. நீங்கதான் சிரிச்சீங்க."

நான் பக்கத்துல உக்காந்து அவிங்க முந்தானையைப் புழிஞ்சு விட்டேன். ஒரு குடம் தண்ணி வந்துருக்கும். ராத்திரிக்குத் தலகாணி ரெண்டும் தலை ஈரம் பட்டு நனைஞ்சு போச்சு, அதனால நடுவுல ஒண்ணும் வைக்கலை. வேற காரணம் இல்லை.

இவ்வளவும் சரிங்க. ஆனா அந்தம்மா கடைசியில ஒரு வேலை பண்ணிட்டாங்க பாருங்க, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஜெயிச்சவங்க பேரை அந்த ஊரு ஓட்டல்ல ஒரு பலகையில எழுதி மாட்டுவாங்களாமா. பிலிப்பா பேரு கேட்டா. ராஜாமணி, சகுந்தலாமணி. ரெண்டுலயும் மணி இருக்குதே, சொந்தமான்னு கேட்டிருக்கா. சம்மந்திக்கு இங்கிலீஷ்ல என்னங்க? அந்தம்மா யோசிச்சு யோசிச்சுப் பார்த்தாங்களாமா. அதுக்கு அந்த பாஷையில வார்த்தையே இல்லையாமா! அதனால சிஸ்டர்னுட்டாங்க. அது போகட்டும். யாரு பெரியவங்கன்னு அவ கேட்டதுக்கு, என்னைக் காட்டிட்டாங்க! எல்டர் சிஸ்டர்னு! நான் அவிங்களை விட நாலு மாசம் சின்னவளுங்க! ஜாதகமே இருக்குது. இப்பப் பலகையில 'மூத்த மணி, இளைய மணி'ன்னு எழுதிட்டாங்க. போட்டோ அனுப்பியிருக்கா பிலிப்பா. ஒரு ஊரே என்னை மூத்தவன்னு நினைச்சுட்டு இருக்குது. எனக்கு எப்படி இருக்கும்? கேட்டா, "அக்கான்னா மரியாதைதானுங்களே"ங்கறாங்க. குசும்பு, வேறென்ன?

ஆமாங்க, பேசறோம், பேசாம என்ன. தெனமும் காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்காப் போன் வரும். நேத்துக் காலையில வரலை. மத்தியானம் வரைக்கும் வரலை. எனக்கு வேலையே ஓடலை, ஏன் கூப்படலைன்னு நானே போன் பண்ணிச் சத்தம் போட்டேன். சார்ஜு இல்லையாமா. இப்படியா ஒரு மனுசி இருப்பாங்க? அதனாலதான் சொல்றேன், சம்மந்தியோட மட்டும் போகாதீங்க. நிம்மதியே போயிரும்.

கோபி வந்துருச்சுங்களா? பேச்சுல தெரியவே இல்லை. கொஞ்சம் காலை அக்கட்டால எடுங்க, கீழ என்ற மூட்டை இருக்குது. கனந்தானுங்க, இருங்க, நானே தூக்கறேன். கயிறுங்க. தேங்காய் நாருக் கயிறு, எங்க பக்கம் நல்லா முறுக்கிக் குடுப்பாங்க. பெரிய ஆஷ்கம்காரிக விடலையாமா, வர்ற ஆனி மாசம் மறுபடியும் வரோணுமாம். அந்தம்மா பழகறதுக்குன்னே ரிட்டையரான டீச்சர்களா ஒரு எட்டுப் பேரைப் புடிச்சு வெச்சிருக்காங்க. ஸ்கூல் கிரவுண்டுல ரெண்டு வாரமாப் பழக்கம் நடக்குது. இன்னைக்கு மூத்தவளும் வரோணுமாம், பின்னால நிக்க ஆளு இல்லையாம்.

அதோ, அந்த டீக்கடை முன்னால பாருங்க. சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, வாயில விசிலை வெச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அவிங்கதான். பஸ்ஸு நிக்கறதுக்குள்ள ஊதறதைப் பாருங்க. கண்டக்டர் தம்பி, நல்லா நிறுத்துங்க! ஏனுங்க தங்கச்சி, ஊதாதீங்க, வந்துட்டேன்! டிரைவர் அதைக் கேட்டு வண்டியை எடுத்துறப் போறாரு!